ஈயம் ஊற்றிய எல்லை

பாறையில் ஈயம் தெரிந்தால், அந்த இடத்தில் யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உளியால் குழி தோண்டி, அதில் இரும்பு ஆணியை நிறுத்தி, பக்கத்திலேயே விறகு எரித்து ஈயத்தை உருக்கிக் குழியில் ஊற்றுவார்கள். ஆறிவிட்டால் ஆணி அசையாது. மண்ணில் நட்ட எல்லைக்கல்லை இரண்டு பேர் சேர்ந்து பிடுங்கி வேறு இடத்தில் நட்டுவிடலாம். ஈயம் வைத்து இறுக்கிய ஆணியை நகர்த்த வேண்டுமென்றால் பாறையையே நகர்த்த வேண்டும்.

ஹைதராபாத்தில் நில அளவை செய்த என் வேலைக்காலம் முழுவதிலும் இப்படிப்பட்ட ஆணிகளை மிகச் சில இடங்களில்தான் பார்த்தேன். எங்கள் கம்பெனியில் இப்போது இருப்பவர்கள் சமீபத்தில் அப்படி ஒரு ஆணியின் படத்தை எனக்கு அனுப்பி, "மேடம், இது பழைய கம்பி வேலியோட மிச்சமா?" என்று கேட்டிருந்தார்கள். வேலி இல்லை, எல்லை என்று பதில் போட்டேன். அந்த மூன்று வார்த்தை போதவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

என் ஊர் திருச்சி பொன்மலை. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். ஐ.டி.ஐ.யில் சர்வேயர் படிப்பில் எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படித்து முடித்ததும் கல்யாணம். கணவருக்கு மௌலா அலிக்குப் பக்கத்தில் மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை, ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் வீடு. நான் தமிழில் பேச, தெலுங்கில் பதில் சொல்லும் இரண்டு பிள்ளைகள். சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் ஹப்சிகுடாவில் ஒரு சின்ன சர்வே கம்பெனியில் சேர்ந்தேன். ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஓய்வு பெறும்வரை வேறு இடம் தேடவில்லை.

அதை நடத்தியவர் மாதவ ராவ். நீர்ப்பாசனத் துறையில் இருந்து விலகி வந்தவர். என்னிடம் தெலுங்கில்தான் பேசுவார். அவர் சொன்னதைத் தமிழாக்கித்தான் இங்கே எழுதுகிறேன். ராவ் சார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "அளவு சரியா வந்துடுச்சு சார்" என்று யாராவது சொன்னால், "எங்கே நின்று எடுத்தாய்?" என்று மட்டும் கேட்பார். கோணம் அளக்கும் கருவியை நிறுத்திய இடம் தப்பாக இருந்தால், அங்கிருந்து எடுத்த அத்தனை அளவும் கச்சிதமான தப்பு என்பது அவர் கட்சி.

கோணங்களை அவர் தெலுங்கில் படிப்பார். நான் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். நான் தெலுங்கிலேயே திருப்பிச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். "சத்தத்தைத் திருப்பிச் சொல்ல யாராலும் முடியும். உன் பாஷையில் சொன்னால்தான் எண் உன் தலைக்குள் போய் வந்தது என்று எனக்குத் தெரியும்" என்பார். அளவுக்கம்பைப் பிடித்து நிற்கும் பஷீர் பாய், விடுவாரா? தூரத்தில் இருந்தபடியே அதை உருதுவில் ஒரு முறை கத்துவார். மூன்று பாஷையிலும் எண் ஒன்றாக இருந்தால் அடுத்த கோணம். வேடிக்கை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். எங்கள் குறிப்பில் எண் தப்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவருக்கு இன்னும் இரண்டு பழக்கங்கள் உண்டு. வரைபடத்தில் ஆபீஸில் உட்கார்ந்து கையெழுத்துப் போட மாட்டார். அந்த நிலத்துக்கே எடுத்துப்போய், ஜீப் பானெட்டில் விரித்து, நான்கு பக்கமும் ஒரு முறை பார்த்துவிட்டுப் பேனாவை எடுப்பார். அடுத்தது, தகராறு உள்ள நிலமென்றால் ஒரு தரப்பிடம் சொன்னதை மறு தரப்பிடமும் அன்றைக்கே சொல்லிவிடுவார். நம்மைக் கூப்பிட்டவர் யார், எதிரில் இருப்பவர் யார் என்ற கணக்கே கிடையாது. இந்த இரண்டாவது பழக்கத்தால் ஒரு நாள் எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உலோகத்தில் எல்லை வைப்பது புதிதல்ல. மௌலா அலியில் ஒரு வீட்டுக்காரர் தன் கேட்டை ஒரு இரும்புத் தூணில் மாட்டியிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தால் அது நேராக நட்டு வைத்த தண்டவாளத் துண்டு, ரயில்வே நிலத்தின் எல்லைக் குறி. கேட்டைத் திறந்து மூடும்போதெல்லாம் அவர் அரசாங்கத்தின் எல்லையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. கேட்டைக் கழற்றிவிட்டுத் தூணுக்கு பெயின்ட் அடித்துவிட்டார். அது எளிதாக முடிந்த விஷயம். நான் சொல்ல வந்தது அப்படி முடியவில்லை.

ஐ.டி. கம்பெனிகள் நகரத்தின் மேற்கே கண்ணாடிக் கட்டடங்களாக எழும்பிய வருடங்கள் அவை. அதன் சூடு கிழக்கே எங்கள் பக்கத்துக்கும் வந்தது. ஆடு மேய்ந்த பாறைக்காட்டுக்கெல்லாம் அபார்ட்மென்ட் படம் போட்ட போர்டு வைத்தார்கள். குஷாய்குடாவைத் தாண்டி, நிஜாம் காலத்தில் நிலமானியம் பெற்ற ஒரு பழைய ஜாகிர்தார் குடும்பத்தின் தோட்டம் கிடந்தது. தோட்டம் என்று பெயர்தான், பாதிக்குமேல் பாறை. அதை ஒரு பில்டர் வாங்கியிருந்தார். அதன் கிழக்கு ஓரத்தில் ஒரு வரிசை வீடுகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும். லேத் பட்டறைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், தையல்காரர் என்று சிறுகச் சிறுக மனை வாங்கிக் கட்டியவர்கள். அந்த வரிசை முழுவதும் தோட்டத்து நிலத்தில் நிற்கிறது என்றார் பில்டர். எல்லையை அளந்து கொடுக்க எங்களைக் கூப்பிட்டார்.

பில்டர் தரப்பில் வந்தவர் கிரண். முப்பது வயதுக்குள் இருக்கும். மரியாதையான பையன். கார் கதவை நமக்காகத் திறந்துவிடுகிற ரகம்.

"சிம்பிள் ஜாப் மேடம். ரெண்டு பாயின்ட், ஒரு லைன்" என்றார்.

பழைய வருவாய் வரைபடத்தின் நகலை விரித்துக் காட்டினார். எல்லை வடக்கிலிருந்து தெற்கே கிட்டத்தட்ட நேராக இறங்கியது. தெற்குக் கோடியில் மூன்று நிலங்கள் கூடும் இடத்தில் ஒரு பெரிய கல். அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் அந்தப் படத்தில் மைக் கோட்டின் தடிமனே தரையில் ஒரு அறையின் அகலம் வரும். போதாததற்கு, காகிதம் மடிந்து கிழிந்த இடம் சரியாக அந்த வீட்டு வரிசையின் மேல் விழுந்திருந்தது. அதை வைத்து ஒரு சுவரைக்கூட இடிக்க முடியாது. தரையில் குறி இருக்கிறதா என்று தேட வேண்டும்.

நாங்கள் போன அன்றே வரிசையின் தையல்காரர் யாதகிரி வழி மறித்தார். தோளில் அளவு டேப், கையில் கத்திரிக்கோல். தைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து வந்துவிட்டார்.

"மீரு பில்டர் மனுஷுலே கதா, பில்டர் ஆளுங்கதானே! பொம்பளையைக் கூட்டிட்டு வந்தா நாங்க சும்மா இருப்போம்னு நினைச்சீங்களா?" என்று தெலுங்கும் எனக்காகக் கொஞ்சம் தமிழுமாகக் கத்தினார்.

"பில்டர்தான் கூப்பிட்டார். ஆனா என்ன பார்க்கிறோமோ அதை உங்களுக்கும் சொல்வோம்" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று என் காலடியில் துப்பாமல் பக்கத்தில் துப்பினார்.

வடக்கே பாறைத் தட்டில் முதல் ஆணியைப் பஷீர் பாய் கண்டுபிடித்தார். அதற்கு ஒரு முறை உண்டு. வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில் பாறைமேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். நனைந்த பாறை கறுத்துவிடும். ஈயம் கறுக்காது, மங்கிய சாம்பல் நிறத்தில் தனியாகத் தெரியும். சாவியால் கீறினால் வெள்ளியாக மின்னும். காந்தத்தை வைத்தால் நடுவில் ஒட்டும், சுற்றிலும் ஒட்டாது. நடுவில் கட்டைவிரல் பருமனில் சதுரத் தலை வைத்த இரும்பு ஆணி, அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஈயம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது ஈயத்தின் மேல் உளியால் இழுத்த ஒரு கீறல் வெளிப்பட்டது.

ராவ் சார் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தக் கீறலில் ஒரு நூலை வைத்து இழுத்துப் பிடிக்கச் சொல்லி, கருவியை அந்தத் திசைக்குத் திருப்பினார். நூல் காட்டிய வழியே பஷீர் பாய் நடந்தார். புதருக்கு நடுவே படுத்துக் கிடந்த இன்னொரு பாறையில், தண்ணீர் ஊற்றியதும், இரண்டாவது ஆணி தெரிந்தது.

"ஆணி போட்டவன் அடுத்த ஆணிக்கு வழியும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்" என்றார் ராவ் சார். அவர் சிரித்து நான் பார்த்த மிகச் சில தடவைகளில் அது ஒன்று.

இரண்டாவது ஆணியில் இரண்டு கீறல்கள். ஒன்று வந்த வழியைக் காட்டியது. மற்றது தெற்குக் கோடிக் கல்லைக் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. மேற்கே நன்றாக விலகித் திரும்பியிருந்தது. உள்ளங்கை நீளக் கீறலில் திசை தோராயமாகத்தான் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இது தோராயத்தில் அடங்கும் விலகல் இல்லை.

"பாறையில தானா விழுந்த விரிசலா இருக்கும் மேடம்" என்றார் கிரண்.

"பாறையில விரிசல் விழலாம். ஈயத்துல எப்படி விழும்?" என்றேன்.

நடுவில் மூன்றாவது ஆணி ஒன்று இருந்தால், எல்லை நேராகப் போகாமல் மேற்கே வளைந்து பிறகு கோடிக் கல்லுக்கு வருகிறது. அப்படியானால் வரிசை வீடுகள் தோட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. ஆணி இல்லையென்றால் நேர்க்கோடு, அத்தனை வீட்டின் வாசலையும் வெட்டிக்கொண்டு போகும். கிரணுக்கும் அது உடனே புரிந்தது. போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்.

அடுத்த நாள் ராவ் சாருக்கு வேறு வேலை. நானும் பஷீர் பாயும் அந்தக் கீறலின் திசையில் நடந்தோம். ஒரு வீட்டின் பின்புறம் போய் முட்டினோம். ஆமணக்குச் செடியும் குப்பையும் மண்டிய மேடு. பாறையே இல்லை.

"இதர் பத்தரிச் நை மேடம். கைக்கு ஃபிர்னா?" என்றார் பஷீர் பாய். இங்கே பாறையே இல்லை, எதற்குச் சுற்றுவது என்று.

பின் கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மா வந்தார். கையெல்லாம் கஞ்சி. நான் பஷீர் பாயிடம் முனகிய தமிழ் அவர் காதில் விழுந்திருக்கிறது.

"இன்னா தேடுறீங்கோ? தமிழா நீங்கோ?"

அவர் பெயர் எஸ்தர். அரக்கோணத்துக்காரர். கணவர் டேனியல் குஷாய்குடாவில் லேத் பட்டறையில் இருந்தார். எஸ்தர் அக்கா காட்டன் புடவைகளுக்குக் கஞ்சி போட்டு, கட்டையில் சுற்றி உருட்டிச் சுருக்கம் நீக்கிக் கொடுப்பவர். சுற்றியுள்ள குவார்ட்டர்ஸ் பெண்கள் பாதிப்பேரின் புடவை அவர் கையில்தான் விறைத்து நின்றது. என் பக்கத்து வீட்டம்மாவின் புடவைகளும்தான். வீட்டுக்குப் பின்னால் ஒட்டிக் கட்டிய நீள அறை அவருடைய தொழில் இடம். உருட்டும் கட்டை, கஞ்சி அடுப்பு, போர்வெல் குழாய் எல்லாம் அங்கேதான்.

"பாறை ஒண்ணு இங்க இருந்துச்சாக்கா?"

"இருந்துச்சாவா? யானை மாதிரி இருந்துச்சு. நாங்கதான் ஒடைச்சோம். இந்த லைன்ல எல்லார் வூட்டு கடக்காலும் அந்தப் பாறைதான் மேடம்."

தங்கள் வீட்டைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே சாட்சியை இவர்களே உடைத்து வீட்டுக்கு அடியில் போட்டிருக்கிறார்கள்.

"அதுல இரும்பு ஆணி ஏதாவது பார்த்தீங்களா? சுத்தி வெள்ளையா ஈயம் ஊத்தி?"

"ஹவ், ஆமா. அது என் துவைகல்லுல கீது. கொடி கட்டுறதே அந்த ஆணியிலதான்" என்றார்.

பின் அறைக்குள் கூட்டிப்போனார். ஆறு பேர் தூக்கும் கல். ஓரத்தில் சோப்பு படிந்து வழவழத்த ஈயம், நடுவில் சதுர ஆணி, அதில் இறுக்கிக் கட்டிய நைலான் கயிறு. கயிற்றை அவிழ்த்துத் தேய்த்தேன். இரண்டு கீறல்கள் இருந்தன, ஒரு வளைவின் இரண்டு கைகளைப் போல.

ஆனால் இடம் பெயர்ந்த ஆணிக்கு மதிப்பே இல்லை. எங்கே இருந்தது என்று நிரூபிக்க முடியாத குறி வெறும் இரும்பு. கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அதன் உடைந்த பக்கத்தில் வரிசையாக அரைக் குழிகள் தெரிந்தன. பாறையைப் பிளக்கிறவர்கள் வரிசையாகக் குழி போட்டு, ஒவ்வொன்றிலும் ஆப்பு வைத்து மாற்றி மாற்றி அடிப்பார்கள். பாறை குழிகளின் நடுவே பிளக்கும். ஒவ்வொரு குழியிலும் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். இந்தக் கல்லில் குழிகள் சீரான இடைவெளியில் இல்லை. இரண்டு நெருக்கமாக, ஒன்று தள்ளி, பிறகு மறுபடி நெருக்கமாக இரண்டு. இதன் மறுபாதிகள் மண்ணுக்கடியில் எங்கேயாவது இருந்தால், அவையும் இதே தாறுமாறில்தான் இருக்க வேண்டும்.

குப்பை மேட்டைப் பஷீர் பாய் கடப்பாரையால் குத்த ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் டேனியல் சாப்பாட்டுக்கு வந்தவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். பாறையின் மேல் முதுகைத்தான் உடைத்திருந்தார்கள். அடிப்பாகம் மண்ணுக்குள் அப்படியே கிடந்தது. ஓரத்தைக் கழுவியபோது அரைக் குழிகள் தெரிந்தன. நான் பழைய செய்தித்தாளைத் துவைகல்லின் விளிம்பில் வைத்து, எஸ்தர் அக்காவின் அடுப்புக் கரியால் தேய்த்துப் பிரதி எடுத்தேன். அதைக் கொண்டுவந்து அடிப்பாறையின் விளிம்பில் வைத்தேன். இரண்டு நெருக்கமாக, ஒன்று தள்ளி, மறுபடி இரண்டு. ஒன்றுக்கொன்று பொருந்தின.

பஷீர் பாய் கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கை தட்டினார். யாதகிரி மாடியில் இருந்து எட்டிப் பார்த்தார்.

எனக்குத்தான் கை தட்ட முடியவில்லை. அந்த இடத்தில் கருவியை நிறுத்தி, தெற்குக் கோடிக் கல்லைப் பார்த்தேன். பார்வைக்கோடு வரிசையின் மற்ற எல்லா வீடுகளையும் விட்டு விலகிப் போனது. எஸ்தர் அக்காவின் பின் அறையை மட்டும், ஒரு ஜன்னலில் நுழைந்து எதிர் ஜன்னலில் வெளியேறி, நடுவில் வெட்டியது. அடுப்பும் குழாயும் உருட்டும் கட்டையும் இருந்த பாதி, தோட்டத்துப் பக்கம்.

இதைச் சொல்லாமல் அங்கிருந்து கிளம்புவதில்லை என்று முடிவு செய்தேன். அவரைக் கூப்பிட்டுக் கருவி வழியாகப் பார்க்கச் சொன்னேன்.

"அக்கா, இந்தக் கல்லைப் பழைய இடத்துல வச்சா எல்லார் வீடும் நிக்கும். ஆனா உங்க இந்த ரூம் நிக்காது. கோடு இதுக்குள்ள போகுது. இப்பவே உங்ககிட்ட சொல்லிடறேன். அப்புறம் தெரிஞ்சு என்னைத் திட்டாதீங்க."

அவர் கண்ணைக் கருவியில் இருந்து எடுக்கவே இல்லை. "கல்லு வெக்கலன்னா?"

"வழக்கு நடக்கும். என்ன ஆகும்னு எனக்குச் சொல்லத் தெரியாது. நேர்க்கோடுன்னு முடிவானா உங்க வீடும் சேர்ந்துதான் போகும்."

"ம்" என்றார். கையில் காய்ந்த கஞ்சியை நகத்தால் சுரண்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

ஆபீஸுக்கு வந்து ராவ் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கே நின்று எடுத்தாய் என்று கேட்டார். படம் போட்டுக் காட்டினேன். கரிப் பிரதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, என் எதிரிலேயே, மூன்றாவது ஆணி எஸ்தர் என்பவர் வீட்டுத் துவைகல்லில் இருக்கிறது என்று கிரணிடம் சொல்லிவிட்டார்.

"சார்! கல் இன்னும் அவங்க வீட்டுலதான் கிடக்குது!"

"தெரியும்."

"நாளைக்கு அது உடைஞ்சு கிடந்தா என்ன செய்வீங்க?"

"அவர்களுக்குத் தெரியாமல் நாம் வைத்த கல் என்று ஒருவன் சொன்னால் நீ என்ன செய்வாய்?" என்றார். "இன்றைக்கு ஒளித்தால் நாளை அதை ஒருவரும் நம்ப மாட்டார்கள். எல்லார் கண்ணெதிரிலும் கிடக்கட்டும்."

அவர் சொன்னது சரிதான் என்று இப்போது எழுத முடிகிறது. அன்றைக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் குஷாய்குடா போனேன். எஸ்தர் அக்கா வீட்டுப் பின் கதவு திறந்திருந்தது. துவைகல்லின் மேல் அவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வருவீங்கன்னு தெரியும். அந்தப் பையன் நேத்தே வந்துட்டான்" என்றார்.

"கிரணா?"

"நல்லாத்தான் பேசுனான். அம்மா அம்மான்னு. கல்லை எங்கள எடுத்துக்க விடுங்கோ, உங்க வூட்டை மட்டும் ஒண்ணும் பண்ண மாட்டோம், ரூமு, குழா எல்லாம் அப்பிடியே இருக்கட்டும், எழுதியே குடுக்கறோம்னான்."

என்ன பதில் சொன்னார் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது.

"இவரு யோசிச்சு சொல்றோம்னாரு. நான் யோசிக்க இன்னா கீது, நக்கோ, வேணாம்னுட்டேன்." டம்ளரைக் கல்மேல் வைத்தார். "இத்தினி பேர் வூடும் போயி நான் மட்டும் இங்க குந்திக்கினு யாருக்குக் கஞ்சி போடறது? அந்த யாதகிரி வாய் சரியில்ல, தெனம் என்னோட சண்டை போடுறான். அதுக்காக அவன் வூட்டு மேல நான் துணி காயப் போட முடியுமா?"

"உங்க ரூம் போயிடும் அக்கா. நிச்சயமா போயிடும்."

"நேத்தே சொல்லிட்டியே. ஒண்ணே ஒண்ணு. என் ரூமை அவங்க மிஷினு தொடக் கூடாது. நான் கட்டுனது, நானே எடுப்பேன். அதை உன் பெரியவருகிட்ட சொல்லு."

முதல் முறையாக என்னை நீ என்று சொன்னார்.

அரசுத் தரப்பு சர்வேயர் வர ஏற்பாடு செய்து, பில்டர் தரப்பு, வரிசைக்காரர்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டுதான் கல்லை எடுத்தோம். அதுவரை துவைகல்மேல் பகலில் எஸ்தர் அக்காவும், வேலை விட்டு வந்தபின் டேனியலும் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். கயிறு கட்டி, மூங்கில் செருகி, ஆறு பேர் தூக்கினார்கள். முன்னால் மூங்கிலைப் பிடித்தவர் யாதகிரி. அடிப்பாறையின் விளிம்பில் கொண்டுவந்து மெல்ல இறக்கியபோது அரைக் குழி ஒவ்வொன்றும் தன் பாதியைச் சந்தித்தது. கடைசி அங்குலத்தில் கல் தானாகவே சறுக்கி உள்ளே உட்கார்ந்தது. அப்புறம் அசைத்தால் அசையவில்லை.

கீறலில் நூலை வைத்தேன். ராவ் சார் கோணத்தைப் படித்தார். நான் தமிழில் சொன்னேன். பஷீர் பாய் இரண்டாவது ஆணியின் மேல் கம்பைப் பிடித்துக்கொண்டு உருதுவில் கத்தினார். அன்று யாரும் சிரிக்கவில்லை. ஒரு கீறல் இரண்டாவது ஆணியையும், மற்றது கோடிக் கல்லையும் காட்டின.

"நீங்கள் பாருங்கள்" என்று ராவ் சார் கிரணைக் கூப்பிட்டார்.

கிரண் குனிந்து பார்த்தார். ஒரு பக்கம் பார்த்தார், திருப்பி மறு பக்கம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "சூசானு சார்" என்றார். பார்த்துவிட்டேன் என்று. அதை அரசு சர்வேயர் குறித்துக்கொண்டார்.

வரைபடம் தயாரானதும் ராவ் சார் அதை ஜீப் பானெட்டில் விரித்துக் கையெழுத்துப் போட்டார். அந்த பில்டர் எங்களை மறுபடி கூப்பிடவில்லை. அவருக்குத் தெரிந்த இன்னும் சிலரும் கூப்பிடவில்லை. மருந்துக்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் ஒன்றைக் காலி செய்தோம். ராவ் சார் என் மேஜையைத் தன் மேஜைக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான். கிரண் அந்த வேலையை விட்டுப் போய்விட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். ஏன் என்று தெரியாது.

பில்டரின் மதில் வளைவை ஒட்டியே வந்தது. அது எஸ்தர் அக்காவின் வீட்டை எட்டும் முன்பே அவர் சொன்னபடி செய்துவிட்டார். ஷீட்டைக் கழற்றி, செங்கல்லைச் சேதமில்லாமல் பெயர்த்து, காரையைச் சுரண்டி அடுக்கி வைத்தார். ஆணி இருந்த கல் எல்லையிலேயே நின்றுவிட்டதால், புதிதாக ஒரு துவைகல்லும் வாங்க வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் எங்கள் குவார்ட்டர்ஸைத் தேடி வந்து, "அம்மா மிம்மல்னி பிலுஸ்துன்னாரு ஆன்ட்டி" என்றாள். அம்மா கூப்பிடுகிறார். போனேன். வீட்டுக்கு முன்னால், பக்கவாட்டில் கிடந்த குறுகலான இடத்தைக் காட்டினார். அடுக்கிய செங்கல் அங்கே வந்திருந்தது.

"ரூமை இங்க கட்டப் போறேன். இந்தத் தடவ ஒருத்தன் வந்து இது என் எடம்னு சொல்லக் கூடாது. லைன் போட்டுக் குடு வாசுகி."

ராவ் சாரிடம் கேட்டுக் கருவியை எடுத்துவந்தேன். பஷீர் பாய் லீவு நாளிலும் கம்போடு வந்தார். மனையின் நான்கு மூலைகளையும் பத்திரத்தில் உள்ளபடி பிடித்து, ஆணி அடித்து, கயிறு கட்டினேன். பெரிய பெரிய நிலங்களுக்குக் கோடு கொடுத்திருக்கிறேன். இவ்வளவு சின்ன இடத்துக்கு இவ்வளவு கவனமாகக் கொடுத்ததில்லை. மூன்று பக்கம் தடையில்லை. நான்காவது பக்கத்தில் கயிறு நேராகப் போக முடியாமல் பக்கத்து வீட்டு யாதகிரியின் வாசல் படியில் முட்டியது. சிமென்ட் படி, ஒரு சாண் அகலத்துக்கு எஸ்தர் அக்காவின் மனைக்குள் நீண்டிருந்தது. அந்த ஒரு சாணை விட்டால் உருட்டும் கட்டை அறைக்குள் அடங்காது.

நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். எஸ்தர் அக்காவும் பார்த்தார். சண்டை வரப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

மெஷினில் உட்கார்ந்திருந்த யாதகிரி எழுந்து வந்தார். கயிற்றைப் பார்த்தார், படியைப் பார்த்தார். உள்ளே போய்ச் சுத்தியலும் உளியும் எடுத்து வந்தார். வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் படியை உடைக்க ஆரம்பித்தார். கயிறு விடுபட்டு நேரானதும், எஸ்தர் அக்கா சாந்துச் சட்டியை இழுத்துக்கொண்டு வந்து, அந்த மூலையில் முதல் செங்கல்லை வைத்தார்.